ஐராதேவ் எரிந்த இரவுகள்

1916 மே மாதம். இமயமலைக் குமாயூனில், அல்மோரா பக்கத்து ஐராதேவ் காடு பற்றிக்கொண்டது. மூன்று பகலும் இரண்டு இரவும் எரிந்தது. வனத்துறை ஆட்கள் ஒரு சரிவில் எதிர்த்தீ வைத்து, தீ தாண்ட முடியாதபடி கோடு கட்டி முடிப்பார்கள். அடுத்த சரிவில் புதிதாக ஒரு தீ கிளம்பும். அங்கே ஓடிப் போய் இன்னொரு கோடு கட்டினால், முதல் கோட்டுக்குப் பின்னாலேயே மறுபடி புகையும். காற்று கொண்டுவந்த தீ இப்படி ஆளைப் பார்த்து விளையாடாது. யாரோ இருட்டில் பின்தொடர்ந்து வந்து வைத்துக்கொண்டிருந்தார்கள்.

யார் என்பதை அரசால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆகவே தண்டனை எல்லோருக்கும் போனது. ஐராதேவில் பல காட்டுத் துண்டுகள் பத்து ஆண்டுகளுக்கு மூடப்பட்டன. புல் அறுக்க, மாடு மேய்க்க, விறகு பொறுக்க எந்த உரிமையும் கிடையாது. காட்டில் வேண்டுமென்றே தீ வைத்தால் அந்தக் காட்டின் மேல் ஊருக்குள்ள உரிமைகளை அரசு நிறுத்தி வைக்கலாம் என்பது 1878 வனச் சட்டத்தில் இருந்த ஏற்பாடு. 1927 சட்டத்திலும் அது தொடர்ந்தது. ஒருவன் வைத்த தீக்கு ஊர் முழுக்கப் பட்டினி கிடக்கும் மாடுகள் பதில் சொல்ல வேண்டும்.

குமாயூன் என்றதும் நம் வாசகர்களுக்கு ஜிம் கார்பெட்டும் அவர் சுட்ட ஆட்கொல்லிப் புலிகளும்தான் நினைவுக்கு வருவார்கள். அந்தப் புலிகள் உலவிய அதே காலத்தில் அதே மலைகளில் நடந்த தீயின் கதை அவ்வளவு பேர் வாங்கவில்லை. புலிக்கு ஒரு வேட்டைக்காரர் கிடைத்தார், கதை சொல்லத் தெரிந்தவராகவும் இருந்தார். தீயைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ரேஞ்சர்களும் கமிஷனர்களும்தான், அதுவும் ஆண்டறிக்கைகளில்.

சீர் பைன் காட்டில் பிடித்த தீயை இரவில் எதிர்மலையில் நின்று பார்த்தால் மெல்லிய மஞ்சள் கோடாகத் தெரியும். சரிவின் மடிப்புகளுக்கேற்ப வளைந்து, சில இடங்களில் அறுந்து, தேருக்குச் சாத்திய மாலை போலத் தொங்கும். பகலில் அதே இடத்தில் புகைதான் தெரியும், தீயின் விளிம்பு எங்கே என்று சொல்ல முடியாது. இருட்டினால் எல்லாம் துலங்கிவிடும். கோட்டுக்குக் கீழே எரிந்து முடிந்த கருநிலத்தில் அங்கங்கே கங்குகள், கோட்டுக்கு மேலே இன்னும் தீ எட்டாத இருள். மலைத்தீ எந்தப் பக்கம் நகர்கிறது என்று அறிய இதைவிட நல்ல நேரம் கிடையாது.

கிட்டே போகப் போக அந்த அழகு கலைந்துவிடும். தரையில் கிடக்கும் ஊசியிலைச் சருகில்தான் முதலில் தீ பரவுகிறது. மட்டமான இடத்தில் முழங்கால் உயரத்துக்கு மேல் எழாமல், சடசடவென்ற சத்தத்தோடு ஊர்ந்து போகும். செங்குத்தான சரிவுக்கு வந்ததும் அதே தீ ஆள் உயரத்துக்கு எழுந்து மேல்நோக்கிப் பாயும். கீழே எரியும் சுவாலை மேலே உள்ள சருகை முன்கூட்டியே காய்ச்சி வைத்துவிடுவதால் வரும் வேகம் அது. மலையில் தீக்கு மேலே நிற்காதே என்று சொல்வது இதனால்தான்.

ஆனால் சீர் பைன் காட்டில் தீக்குக் கீழே நிற்பவருக்கும் நிம்மதி இல்லை. பற்றிக்கொண்ட பைன் காய்கள் கிளையிலிருந்து உதிர்ந்து, சரிவில் உருண்டு, தீயணைப்பவர்களின் கால்களைத் தாண்டிக் கீழே உள்ள பச்சைக் காட்டுக்குள் போய் விழும். விழுந்த இடத்தில் புதுத் தீ. இரவில் இதை நன்றாகப் பார்க்கலாம், இருட்டுச் சரிவில் துள்ளித் துள்ளி இறங்கும் சிவப்புப் புள்ளிகளாக. இவற்றைப் பிடிக்கவே தீயின் கீழ் விளிம்பில் குறுக்காகப் பள்ளம் வெட்டுவார்கள்.

சூரியன் இறங்கியபின் மலைக்காற்றும் திசை மாறும். பகலில் பள்ளத்தாக்கிலிருந்து உச்சிக்கு ஏறும் காற்று இரவில் குளிர்ந்து கீழே வழியும். ஈரப்பதம் கூடும், சுவாலை தாழும். பச்சை இலைக்கொத்துகளை ஒடித்துத் தீயை அடித்து அணைப்பவர்களுக்கு நள்ளிரவிலிருந்து விடியல் வரைதான் வேலை நடக்கும் நேரம். ஐராதேவில் இரண்டு இரவுகள் கையிலிருந்தும் தீயை முடிக்க முடியவில்லை என்பதுதான் வனத்துறையைக் கோபப்படுத்தியிருக்க வேண்டும்.

இந்த மரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் மேலே போக முடியாது. சீர் பைனின் தாவரவியல் பெயரில் ராக்ஸ்பர்க் இருக்கிறார். 1776இல் சென்னை மருத்துவப் பணியில் சேர்ந்து, சாமல்கோட்டையில் செடிகொடிகளைச் சேகரித்து, பிறகு கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்குப் போன வில்லியம் ராக்ஸ்பர்க்தான் அவர். ஏறத்தாழ 500 மீட்டரிலிருந்து 2,000 மீட்டருக்குச் சற்று மேல் வரை வளரும் மரம். மூன்று மூன்றாகக் கொத்தாக இருக்கும் ஊசிகள் ஒரு சாண் நீளத்துக்குக் குறையாது. அவை உதிரும் காலம் கோடை. மலையில் மழை குறைவான ஏப்ரல், மே மாதங்களில் மரம் பிசின் ஊறிய சருகைத் தரையெங்கும் கொட்டிவைக்கிறது. அந்தச் சருகுக்குக் குமாயூன்காரர்கள் வைத்த பெயர் பிரூல். தடித்த பட்டை இருப்பதால் வளர்ந்த மரம் தரைத்தீக்கு அசையாது. அதன் விதை முளைக்க வெறும் மண் வேண்டும், சருகை அகற்றிக் கொடுப்பதும் தீதான். ஆனால் முளைத்த கன்று முதல் சில ஆண்டுகளில் தீயைக் கண்டால் கருகிப்போகும். ஆக, தீ வேண்டும், ஆனால் எல்லா ஆண்டும் வேண்டாம் என்று கேட்கும் மரம் இது.

ஊர்க்காரர்களுக்கு ஆண்டுதோறும் வேண்டியிருந்தது. பிரூல் மெத்தை போட்ட சரிவில் புல் முளைக்காது. மாடும் வழுக்கும், தலையில் புல்லுக்கட்டோடு வரும் பெண்ணும் வழுக்குவாள். அந்த மலைகளில் வழுக்கி விழுவது என்றால் பள்ளத்தாக்கில் விழுவது. ஆகவே கோடையில் சருகைக் கொளுத்துவார்கள். ஓரிரண்டு மழை விழுந்ததும் கருநிலத்தில் இளம்புல் தலைகாட்டும். மாட்டுக்குத் தீனி, மாட்டுச் சாணம் படிக்கட்டு வயலுக்கு எரு, வயலில் தானியம். பாஞ்ச் என்னும் ஓக் மரக்காட்டில் யாரும் இப்படிச் செய்யவில்லை. அதன் தழை மாட்டுக்கு உணவு, மக்கினால் உரம், அதன் அடியில் ஊற்று. ஊரை ஒட்டிய ஓக் காட்டைத் தீ அண்டாமல் காப்பதும், பைன் சரிவைக் கொளுத்துவதும் ஒரே ஊரின் ஒரே நாட்காட்டியில் அடங்கிய வேலைகள்.

1815இல் கூர்க்காக்களை வென்று பிரிட்டிஷார் குமாயூனைப் பிடித்தபோது இந்தக் காடுகளை அவர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1823இல் கமிஷனர் ட்ரெயில் ஊர் எல்லைகளை வரைந்தார். விக்கிரம சம்வத் 1880 என்பதால் ‘அஸ்ஸீ சால்’, அதாவது எண்பதாம் ஆண்டு எல்லை, என்று அதற்குப் பெயர். அந்த எல்லைக்குள் இருந்த காடும் தங்களுடையதே என்று ஊர்க்காரர்கள் நூறு ஆண்டுகள் கழித்தும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அரசு அப்படி நினைக்கவில்லை. அடிவாரத்துச் சால் மரங்கள் ரயில் தண்டவாளக் கட்டைகளுக்குத் தேவைப்பட்டபோது காட்டின் மேல் கண் விழுந்தது. 1893 அக்டோபரில் அளக்கப்படாத தரிசு முழுவதும் பாதுகாக்கப்பட்ட காடு என்று ஒரே அறிவிப்பில் சொல்லிவிட்டார்கள்.

காட்டில் தீயை அறவே ஒழிக்க முடியுமா என்பது அப்போது இந்திய வனத்துறைக்குள்ளேயே தீராத வழக்கு. 1864இல் மத்திய மாகாணத்துப் போரி காட்டில் கர்னல் பியர்சன் என்ற அதிகாரி முதன்முதலாக அதைச் செய்து பார்த்தார். காட்டைச் சுற்றி அகலமான கோடுகளை முன்கூட்டியே எரித்து வைத்து, உள்ளே தீ நுழையாமல் காத்தார். அது நடக்கிற காரியமே இல்லை என்று பல அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்த காலம். போரியில் நடந்துவிட்டதால் தீத்தடுப்பு வனத்துறையின் பெருமையாக மாறிப்போனது. இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவர் டீட்ரிஷ் பிராண்டிஸ் அதன் பக்கம் நின்றார். ஜெர்மானியரான அவர் பழகிய ஐரோப்பியக் காட்டியலில் தீ என்பது காட்டுக்கு எதிரி, அவ்வளவுதான்.

முப்பது ஆண்டுகளில் சிக்கல் தெரிந்தது. பர்மாவில் தீயிலிருந்து காக்கப்பட்ட தேக்குக் காடுகளில் தேக்குக் கன்றுகளே காணவில்லை. மூங்கிலும் பசுமைமாறாச் செடிகளும் மூடிக்கொண்டன. 1896இல் ஸ்லேட் என்ற அதிகாரி, பர்மாவில் தீத்தடுப்பு மிதமிஞ்சிப் போய்விட்டது என்று ‘இந்தியன் ஃபாரஸ்டர்’ இதழில் தலைப்பிலேயே போட்டு எழுதினார். துறைக்குள் இருந்தே அப்படி ஒரு குரல் எழ நெஞ்சுரம் வேண்டும். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பர்மாவின் ஈரத் தேக்குக் காடுகளில் தடுப்பைத் தளர்த்தினார்கள். அசாம், வங்காளப் பகுதிச் சால் காடுகளிலும் இதே போன்ற குழப்பம் வந்தது. படிப்படியாக வனத்துறையே குளிர்காலத்தில் காட்டைத் திட்டமிட்டு எரிக்கக் கற்றுக்கொண்டது. மலைவாசிகள் செய்துவந்ததைத்தான், தேதி மாற்றி, அனுமதி எண் போட்டு, துறையின் பெயரில் செய்தார்கள். ஊர்க்காரன் செய்தால் குற்றம் என்பது மட்டும் மாறவில்லை.

குமாயூனில் இந்த மாற்றம் வருவதற்கு முன் பிசின் வந்துவிட்டது. சீர் பைனின் அடிமரத்தில் பட்டையைச் செதுக்கி, உதடு போல ஒரு தகட்டைப் பொருத்தி, அடியில் குவளை வைத்தால் பிசின் சொட்டும். காய்ச்சி வடித்தால் டர்பன்டைனும் ரோசினும். 1890களில் சோதனையாகத் தொடங்கிய இது, நைனிதாலுக்கு அருகே பவாலியில் ஆலை வைத்து நடத்தும் தொழிலானது. மரத்துக்கு மருந்து ஏற்றும் முறை வந்தபின் சீர் பைன் கட்டையும் தண்டவாளத்துக்கு ஏற்றதாகிவிட்டது. உலகப் போர் தொடங்கியபோது இரண்டுக்கும் கிராக்கி. அதுவரை சருகு கொட்டும் தொந்தரவாக மட்டும் ஊருக்குத் தெரிந்த மரம் அரசின் பணப்பெட்டியாக மாறியது. பிசின் வடியும் மரத்தில் தீ பட்டால் செதுக்கிய இடம் தீப்பந்தமாக எரியும். அடிமரம் குடைந்துபோய், அடுத்த காற்றில் மரமே சாயும். இப்போது கோடைத் தீ என்பது நேரடி நஷ்டம்.

1911க்கும் 1917க்கும் இடையில் 3,000 சதுர மைலுக்கு மேல் காப்புக்காடாக்கப்பட்டது. எந்த ஊருக்கு எத்தனை மாடு மேய்க்கலாம், எத்தனை மரம் வெட்டலாம், எங்கே தழை ஒடிக்கலாம் என்று பட்டியல் வந்தது. எல்லாவற்றையும் விடக் கசந்தது ஒரு விதி. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு மைல் தூரத்துக்குள் சருகைக் கொளுத்தக் கூடாது. மலையூர்களில் காப்புக்காட்டிலிருந்து ஒரு மைலுக்கு அப்பால் இருந்த சரிவு எத்தனை? வரைபடத்தை வைத்துக்கொண்டு போட்ட விதி அது. தீயைத் தடுக்காமல் இளங்கன்று வளராது என்பது உண்மைதான், அதிகாரிகள் அதைக் கற்பனை செய்து சொல்லவில்லை. ஆனால் அந்தக் கன்று வளரும் ஐந்தாறு ஆண்டு மாட்டுக்கு எங்கே புல் என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்கவில்லை.

ஐராதேவ் எரிந்தது இப்படிக் காப்புக்காடாக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான்.

அதே 1916இல் குமாயூன் பரிஷத் என்ற அமைப்பு உருவானது. பிற்காலத்தில் உத்தரப் பிரதேச முதல்வராகவும் மத்திய உள்துறை அமைச்சராகவும் ஆன கோவிந்த் வல்லப பந்த் அதில் ஒருவர். இன்னொருவர் பத்ரி தத் பாண்டே, 1918 முதல் அல்மோராவில் ‘சக்தி’ வார இதழை நடத்தியவர். மலைமக்களின் குறைகளில் காட்டைப் போலவே பெரிது சுமை. அதிகாரி ஒருவர் முகாம் போனால் அவர் மூட்டைகளை ஊர்க்காரர்கள் முறைவைத்துச் சுமக்க வேண்டும். பேருக்குக் கூலி கொடுத்தால் உதார், கூலியே இல்லாவிட்டால் பேகார், பால், விறகு, தானியம் எடுத்துக் கொடுப்பது பர்தாயிஷ். வனத்துறை வந்தபின் முகாம் போகும் அதிகாரிகள் பெருகினார்கள். தன் காட்டைப் பறிக்க வருகிறவனின் கூடாரத்தைத் தானே சுமந்து போகும் நிலை.

1921 ஜனவரி நடுவில், மகர சங்கராந்தியை ஒட்டி பாகேஷ்வரில் நடக்கும் உத்தராயணித் திருவிழாவில் இது வெடித்தது. சரயுவும் கோமதியும் கலக்கும் அந்த ஊரில் ஆயிரக்கணக்கானவர்கள் ஆற்றங்கரையில் நின்று, இனி சுமை தூக்குவதில்லை என்று சபதம் செய்தார்கள். சுமைமுறை எழுதிய பதிவேடுகளை ஊர்த்தலைவர்கள் கொண்டுவந்து சரயுவில் எறிந்தார்கள். அந்த வழக்கம் அதோடு ஒழிந்தது. துப்பாக்கி வெடிக்கவில்லை, அரசு பின்வாங்கியது. எட்டு ஆண்டுகள் கழித்து 1929இல் காந்தி குமாயூனுக்கு வந்தபோது பாகேஷ்வருக்கும் போனார்.

சுமை போயிற்று, அடுத்தது காடு. முந்தைய பருவமழை பொய்த்திருந்தது. மலை காய்ந்து கிடந்தது. அந்த 1921 கோடையில் தீ மூண்டது.

குமாயூனில் அந்தக் கோடையில் 2 லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்ததாகக் கணக்கு. பதிவான தீக்களில் பெரும்பகுதி வேண்டுமென்றே வைத்தவை என்று அரசு முடிவுகட்டியது. லட்சக்கணக்கான பிசின் வெட்டுகளும் சேகரித்து வைத்த பிசினும் எரிந்தன. தீ அணைக்கக் கூப்பிட்டால் ஊர்க்காரர்கள் வரவில்லை. காட்டில் உரிமை உள்ளவர்கள் தீ அணைக்க உதவியே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லியும் வரவில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய காவலர்களை வைத்துக்கொண்டு ஒரு ரேஞ்சர் என்ன செய்வார்? பிடிபட்டுக் குற்றம் சாட்டப்பட்டவர்களில் புல்லறுக்கும் பெண்கள் இருந்தார்கள், படையில் பணிபுரிந்த சிப்பாய்களும் இருந்தார்கள். ஐரோப்பாவில் அரசனுக்காகப் போரிட்டுத் திரும்பியவனுக்கு ஊரில் மாட்டை மேய்த்ததற்கு அபராதம் என்றால் கசக்கத்தானே செய்யும்.

வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா இந்த மலைகளின் போராட்டங்களை ஆராய்ந்தபோது ஒன்றைக் கவனித்தார். எரிந்தவை பைன் காடுகள். அரசின் கட்டுப்பாட்டில் அதே அளவு இறுக்கத்தோடு இருந்த ஓக் முதலான அகன்ற இலைக் காடுகள் தப்பிவிட்டன. ஓக் காடு ஈரமானது, எளிதில் பற்றாது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அது மட்டும் போதாது. காய்ந்த கோடையில் வேண்டுமென்று வைத்தால் ஓக் காடும் எரியும் என்பதை இன்றைய தீக்கள் காட்டுகின்றன. கண்மூடித்தனமான கோபம் என்று அன்றைய அதிகாரிகள் எழுதியதை இந்த ஒரு செய்தி பலவீனப்படுத்துகிறது. தீ வைத்தவர்களுக்கு எது அரசின் மரம், எது தங்கள் மரம் என்று நன்றாகவே தெரிந்திருந்தது.

இதை வைத்து அவர்களைக் காட்டின் காவலர்கள் என்று உயர்த்திப் பேசுவதும் மிகை. பத்து ஆண்டுகள் காத்து வளர்த்த கன்றுகள் ஒரே கோடையில் போயின. நிலத்தில் கூடு கட்டும் பறவை, தப்ப முடியாத குட்டி, இவற்றுக்குத் தீ வைத்தவனின் நியாயம் தெரியாது. ஒரு மலையை எரித்துத்தான் தன் மனுவை அரசின் காதில் போட முடிந்தது என்பது அந்த அரசின் மேலான குற்றச்சாட்டு.

காதில் விழவும் செய்தது. அந்த ஆண்டே கமிஷனர் பெர்சி விண்டம் தலைமையில் குமாயூன் வனக் குறைகேட்புக் குழு அமைக்கப்பட்டது. மலை மலையாகப் போய்ச் சுமார் 5,000 பேரிடம் சாட்சியம் கேட்டது. அடுத்த ஆண்டு பந்த் குமாயூனின் காட்டுச் சிக்கலைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார். குழுவின் பரிந்துரைப்படி காப்புக்காடுகள் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. வணிக மதிப்பு இல்லாதவை முதல் வகுப்பு, அவை வனத்துறையிடமிருந்து வருவாய்த்துறைக்குப் போயின. பணம் தரும் பைன் காடுகள் இரண்டாம் வகுப்பு, அவை வனத்துறையிடமே. பெயரில் முதல் வகுப்பு ஊர்க்காரனுக்கு, பிசினும் கட்டையும் அரசுக்கு. முதல் வகுப்புக் காடுகளில் விதிகள் தளர்ந்ததும் பல இடங்களில் மரங்கள் மளமளவென்று வெட்டப்பட்டன என்பதையும் சொல்ல வேண்டும். யாருக்கும் உரியதல்லாத நிலமாக அவை நடுவில் நின்றன. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் 1931இல் வன பஞ்சாயத்து விதிகள் வந்தன. ஊரே சிலரைத் தேர்ந்தெடுத்து, காவலாளி வைத்து, அபராதம் போட்டுத் தன் காட்டைக் காக்கும் ஏற்பாடு. இன்று உத்தராகண்டில் இத்தகைய வன பஞ்சாயத்துகள் 10,000க்கும் மேல் இருக்கின்றன. எல்லாம் உயிரோடு இயங்குவதாகச் சொல்ல முடியாது, ஆனால் இயங்குகிற இடங்களில் காட்டைப் பார்த்தாலே தெரியும்.

விடுதலைக்குப் பிறகும் பிசின் குவளைகள் மரத்தடியிலேயே இருந்தன. 1970களில் சிப்கோ இயக்கம் வந்தது, மரங்களைக் கட்டிப்பிடித்த பெண்கள் வந்தார்கள், 1981இல் 1,000 மீட்டருக்கு மேல் பச்சை மரம் வெட்டத் தடை வந்தது. தீ எங்கும் போகவில்லை. மலையூர்களிலிருந்து இளைஞர்கள் டில்லிக்கும் டேராடூனுக்கும் போய்விட்டார்கள், மாடு குறைந்தது, பிரூலை மாட்டுத் தொழுவத்தில் பரப்ப எடுத்துச் செல்லும் கைகளும் குறைந்தன. சருகு மட்டும் ஆண்டுதோறும் அதே அளவு விழுகிறது.

2016 கோடையில் மாநிலத்தில் 4,000 ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர்கள் பீம்தால் ஏரியில் நீர் மொண்டு காட்டின் மேல் ஊற்றின. தொலைக்காட்சிக்கு நல்ல காட்சி. ஹெலிகாப்டர் பகலில்தான் பறக்கும். இரவில் தீயை அணைப்பவர்கள் இப்போதும் கையில் இலைக்கொத்தோடும் ரேக்கோடும் போகிறவர்கள்தான், பெரும்பாலும் பருவத்துக்கு மட்டும் வேலைக்கு எடுக்கப்படும் தினக்கூலிகள். 2024 ஜூன் 13 அன்று அல்மோராவுக்கு அருகே பின்சர் சரணாலயத்தில் தீ அணைக்கப் போன வனத்துறைக் குழு தீக்குள் சிக்கியது. நான்கு பேர் அன்றே இறந்தார்கள்.

மலைத்தீயை இன்று முதலில் பார்ப்பது எதிர்மலையில் நிற்கும் ஆள் அல்ல. 800 கிலோமீட்டருக்கு மேல் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள், பகல் ஒன்றரை மணி வாக்கிலும் நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கிலும் குமாயூனைக் கடக்கின்றன. தரையின் வெப்பத்தை வைத்து அவை தீ இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்ததும், டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் வழியாக வனக்காவலரின் கைபேசிக்கு அது செய்தியாக வருகிறது. அந்த இடத்துக்கு நடந்து போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகலாம், நான்கு மணி நேரமும் ஆகலாம். தீயை யார் வைத்தது, எதற்கு வைத்தது என்பது கோளுக்குத் தெரியாது. சந்தேகம் இன்றும் முதலில் ஊர்க்காரர் மேல்தான் விழுகிறது. வயலோரச் சருகைக் கொளுத்தும்போது தவறிப் போனது, பீடித் துண்டு, சுற்றுலாக்காரர், வேண்டாதவர் என்று பட்டியல் ஒவ்வொரு கோடையிலும் நீளும்.

2024இல் மாநில அரசு பிரூலைக் கிலோ 50 ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. அதற்கு முன் கொடுத்துவந்த விலையைவிடப் பல மடங்கு. ஒரு பெண் சரிவில் ஏறி, வாரி, மூட்டை கட்டி, சாலை வரை சுமந்து வர வேண்டும். அந்த உழைப்புக்கு இந்த விலை கட்டுமா, பணம் கைக்கு எப்போது வரும் என்பதெல்லாம் ஊருக்கு ஊர் வேறு. பிரூலிலிருந்து எரிகட்டியும் மின்சாரமும் செய்யும் சிறு ஆலைகள் சில தொடங்கப்பட்டன, சில நின்றன.

அல்மோரா பக்கத்துச் சீத்லாகேத் ஊர்கள் வேறு வழியில் போயின. வயலைத் திருத்தும்போது சேரும் முள்ளையும் புதரையும் குவித்துக் கொளுத்துவதைத் தடை செய்யவில்லை, காலக்கெடு வைத்தார்கள். மார்ச் 31க்குள், காற்று கடுமையாகும் முன், ஆள் காவலோடு எரித்து முடித்துவிட வேண்டும். ஏப்ரல் முதல் தேதியை அந்தக் கெடுவை நினைவூட்டும் நாளாகவே கொண்டாடுகிறார்கள். வனத்துறையின் தீக்காலம் பிப்ரவரி 15இல் தொடங்கி ஜூன் 15 வரை போகிறது. இரண்டு நாட்காட்டிகளுக்கும் இடையில் ஆறு வாரம் ஒன்றின் மேல் ஒன்று விழுகிறது. ஊர்க்கணக்கில் அது எரிக்க வேண்டிய காலம், துறையின் கணக்கில் தீக்கு அஞ்ச வேண்டிய காலம். அந்த ஆறு வாரத்தில் எழும் புகைக்கு யார் பொறுப்பு என்பதை இப்போதைக்கு ரேஞ்சரும் ஊர்ப் பெண்களும் நேரில் பேசித்தான் தீர்த்துக்கொள்கிறார்கள்.